பல் உடற்கூறியலைக் கற்பிக்கும் முறை நோயாளி பெறும் சிகிச்சையில் தெரியுமா? ஆய்வுத் திட்டத்துக்கு ஆலோசனை வேண்டுகிறேன்

கேள்வி கேட்டவர்: வேர்நுனி (புனைபெயர்)

அனைவருக்கும் வணக்கம். நான் வேர்க்குழாய் சிகிச்சைத் துறையில் முதுநிலை படித்து வருகிறேன். ஆய்வேட்டின் தலைப்பை முடிவு செய்ய வேண்டிய கட்டத்தில் இருக்கிறேன். முதலாண்டு மாணவர்களின் பல் உடற்கூறியல் செய்முறை வகுப்புகளில் உதவியாளராக இருப்பதால், அவர்கள் மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்குவதையும், ஒவ்வொரு பல்லின் நீள அகலங்களையும் முகடுகளின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்வதையும் அருகிலிருந்து பார்க்கிறேன். வாய்மொழித் தேர்வில் தடங்கலின்றிப் பதில் சொல்லும் மாணவர்களில் பலர், மருத்துவமனைப் பிரிவுக்கு வந்து முதன்முதலாக ஒரு கடைவாய்ப்பல்லைத் திறக்கும்போது, வேர்க்குழாயின் வாய் எங்கே இருக்கும் என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். படித்ததற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைத்தான் ஆராய விரும்புகிறேன்.

இப்போதைக்கு நான் வகுத்திருக்கும் திட்டம் இது. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மெழுகுச் செதுக்கல் வழியாகவும், இன்னொரு குழுவுக்குப் பிடுங்கப்பட்ட இயற்கைப் பற்களை வெட்டிப் பார்ப்பதன் வழியாகவும், மூன்றாம் குழுவுக்குத் திரையில் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாண மாதிரிகள் வழியாகவும் கற்பிப்பது. ஒரு வாரம் கழித்துப் பலவுள் தெரிவு வினாக்கள் கொண்ட தேர்வு ஒன்றை நடத்துவது. அதோடு எந்த முறை பிடித்திருந்தது என்று ஒரு வினாத்தாள் கொடுப்பது. இதை என் வழிகாட்டியிடம் காட்டியபோது, இந்த ஆய்வு முடிந்த பிறகு எந்த நோயாளியின் எந்தப் பல் காப்பாற்றப்படும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கற்பிக்கும் முறைக்கும் நோயாளி பெறும் கவனிப்புக்கும் உள்ள தொடர்பை ஒரு முதுநிலை ஆய்வேட்டின் எல்லைக்குள் அளக்க முடியுமா? முடியுமென்றால் எதை அளக்க வேண்டும்? மெழுகுச் செதுக்கலை இன்னும் ஒரு குழுவாக வைத்திருப்பதில் பொருள் உண்டா? இயற்கைப் பற்களைப் பயன்படுத்துவதில் கவனிக்க வேண்டியவை எவை?

பதில் 1: மூன்றாம் குழாய்

உங்கள் வழிகாட்டியின் கேள்வி மிகச் சரியானது. பொதுவாகப் பல் உடற்கூறியல் என்று தொடங்கினால் அதற்குப் பதில் கிடைக்காது. ஒரே ஒரு பல்லையும், அந்தப் பல்லில் உடற்கூற்றறிவு கைக்கு வரும் ஒரே ஒரு கட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். நானாக இருந்தால் மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வேன்.

அதன் மீசியோபக்கல் வேரில் (கன்னத்தின் பக்கம் முன்னால் உள்ள வேரில்) இரண்டாவதாக ஒரு குழாய் இருப்பது பற்றிய ஆய்வு வரலாறே கற்பித்தலைப் பற்றிய ஒரு பாடம். சூரிச்சைச் சேர்ந்த வால்டர் ஹெஸ் பற்களின் உள்ளே ரப்பரைச் செலுத்திக் கெட்டிப்படுத்தி, பல்லைக் கரைத்தெடுத்து, குழாய்களின் வடிவத்தை அச்சாக வெளிக்கொண்டுவந்தார். அந்த ஆய்வு 1925-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோதே, வேர்க்குழாய் என்பது ஒரே சீராக இறங்கும் ஒற்றைக் குழல் அல்ல என்பது படமாகக் கண்முன் வந்துவிட்டது. 1969-இல் வைனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே மீசியோபக்கல் வேரை 208 பற்களில் அறுத்துப் பார்த்து, ஏறத்தாழப் பாதியில் இரண்டு குழாய்கள் இருப்பதைக் காட்டினார்கள். 1984-இல் வெர்டூச்சி 2400 பற்களை ஒளி ஊடுருவும்படி செய்து, சாயம் ஏற்றி, குழாய் அமைப்புகளை எட்டு வகைகளாகப் பிரித்தார். இவை எல்லாம் மேசைமேல் வைத்த பற்கள். நோயாளியின் வாயில் என்ன நடக்கிறது என்பதை 1999-இல் ஸ்ட்ரோப்கோ வெளியிட்டார். எட்டு ஆண்டுகளில் தாம் சிகிச்சை செய்த 1732 மேல் கடைவாய்ப்பற்களின் பதிவுகளை அவர் தொகுத்தபோது, முதல் கடைவாய்ப்பற்களில் இந்த இரண்டாம் குழாய் மொத்தத்தில் 73.2 விழுக்காட்டில் கிடைத்திருந்தது; அனுபவம் கூடி, போதிய நேரம் ஒதுக்கி, நுண்ணோக்கியையும் அதற்கேற்ற கருவிகளையும் வழக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில் அதே எண் 93 விழுக்காடாக உயர்ந்தது. பற்கள் மாறவில்லை, தேடியவரும் மாறவில்லை. தேடும் முறைதான் மாறியது.

இதை நோயாளியோடு இணைக்கும் கண்ணியும் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே வேர்க்குழாய் சிகிச்சை செய்யப்பட்ட 1397 பற்களின் சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்-ரே) படங்களைக் கரபுஜக் குழுவினர் பரிசீலித்தனர். சுமார் 23 விழுக்காட்டுப் பற்களில் ஏதேனும் ஒரு குழாய் விடுபட்டிருந்தது. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் இது சுமார் 40 விழுக்காடு. குழாய் விடுபட்ட பற்களில் வேர்நுனி அழற்சி இருப்பதற்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். ஒரே காலகட்டத்தில் எடுத்த படங்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், குழாய் விடுபட்டதுதான் அழற்சிக்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் விடுபடும் குழாய் நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க ஒன்று என்று சொல்லி ஆய்வைத் தொடங்க இது போதும்.

அடுத்து, எதை அளப்பது என்பது. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு எத்தனை குழாய்கள் என்று கேட்டால் எல்லா மாணவர்களும் நான்கு என்று எழுதிவிடுவார்கள். அது அளவீடே அல்ல. கிராஸ்னரும் ரான்கோவும் 2004-இல் 500 பற்களின் கூழறைகளை (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள அறைகளை) ஆராய்ந்து சில விதிகளை வகுத்தார்கள். கழுத்துக்கோட்டின் (பல்லின் மேற்பகுதியும் வேரும் சந்திக்கும் கோட்டின்) மட்டத்தில் கூழறை எப்போதும் பல்லின் நடுவில் இருக்கும். அறையின் சுவர்கள் அந்த மட்டத்தில் பல்லின் வெளிப்புற எல்லையை ஒட்டியே வளையும். அறையின் தரை சுவர்களைவிட எப்போதும் கருத்திருக்கும். குழாய்களின் வாய்கள் தரையும் சுவரும் சந்திக்கும் கோட்டில் அமையும். இந்த விதிகளை உள்வாங்கிய மாணவர், பல்லின் மேற்பகுதி சொத்தையால் அழிந்திருந்தாலும், செயற்கை மூடியால் மறைந்திருந்தாலும், பல் சாய்ந்திருந்தாலும், கழுத்துக்கோட்டைக் கருவியால் தடவி உணர்ந்து அங்கிருந்து திசையைத் தீர்மானிப்பார். மெல்லும் பரப்பின் குழிகளையும் முகடுகளையும் மட்டும் நம்பும் மாணவர் சாய்ந்த பல்லில் பக்கச் சுவரைத் துளைத்துவிடுவார். கடைவாய்ப்பற்களில் முகட்டின் நுனியிலிருந்து கூழறையின் கூரை வரையுள்ள ஆழம் ஏறத்தாழ 6 மி.மீ. என்பதையும், அந்தக் கூரை பெரும்பாலும் கழுத்துக்கோட்டின் மட்டத்திலேயே இருக்கிறது என்பதையும் அறிந்தவர், பர்ரின் (பல்லைத் துளைக்கும் முனையின்) மேல் அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு இறங்குவார். அறியாதவர் அறையையும் தாண்டி வேர்கள் பிரியும் தரையைக் குடைவார்.

எனவே ஆய்வின் முடிவாக அளக்கப்போவதை, பல்லைத் துளைத்துக் கூழறையை அடையும் திறப்பிலேயே வையுங்கள். ஃபான்டம் ஹெட்டில் (பயிற்சிக்கான செயற்கைத் தலையில்) பொருத்திய பல்லில், மாணவர் எத்தனை குழாய்களைக் கண்டார், தேவையின்றி எவ்வளவு டென்டினை (எனாமலுக்கு அடியிலுள்ள பல்திசுவை) அகற்றினார், சுவரிலோ தரையிலோ துளை விழுந்ததா, எத்தனை முறை ஆசிரியர் குறுக்கிட வேண்டியிருந்தது என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். பயிற்சி மருத்துவமனையில் நோயாளி எவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதுதான்.

பதில் 2: மெழுகும் கத்தியும்

மேலே உள்ள பதில் ஆழமானது. ஆனால் உடற்கூறியல் என்றாலே வேர்க்குழாய் என்று சுருங்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல ஆண்டுகளாக முதலாண்டு வகுப்புகளுக்குப் பல் உடற்கூறியல் கற்பிப்பவன் என்ற முறையில் மெழுகுச் செதுக்கலின் சார்பாகவும், அதற்கு எதிராகவும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

செதுக்கல் வேர்க்குழாயைப் பற்றி எதையும் கற்பிப்பதில்லை. அதை வேர்க்குழாய் அளவீட்டால் சோதித்தால் அது தோற்கும். அந்தத் தோல்வி ஆய்வைத் தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிட்ட தோல்வி, ஆகவே அந்த ஒப்பீடு நேர்மையானதும் அல்ல. செதுக்கல் கற்பிப்பது பல்லின் வெளிவடிவத்தை: முகட்டின் சரிவு, ஓரமேட்டின் உயரம், அடுத்த பல்லைத் தொடும் புள்ளி, அந்தப் புள்ளியைச் சுற்றி விரியும் இடைவெளி. பின்பற்களில் இந்தத் தொடுபுள்ளி மெல்லும் பரப்பை ஒட்டி, நடுக்கோட்டிலிருந்து சற்றே கன்னத்தின் பக்கமாக அமைகிறது. அதைத் தாழ்த்தியோ தட்டையாகவோ நிரப்பிவிட்டால், உணவு சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் அங்கே துணுக்குச் சிக்கி, ஈறு வீங்கி, கொஞ்ச காலத்தில் அதே பல்லின் அருகில் அடுத்த சொத்தை தொடங்கும். இதுவும் நோயாளி கவனிப்புதான். எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியாது என்பதால் ஆய்வாளர்கள் இதை அதிகம் நாடுவதில்லை, அவ்வளவே.

பல் பிடுங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தாடையின் நடு வெட்டுப்பல்லுக்குக் கூம்பு வடிவ ஒற்றை வேர். ஆகவே அதைச் சுழற்றி எடுக்கலாம். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள், அவற்றின் நுனிகள் மெல்லியவை. அதைச் சுழற்றினால் நுனி முறிந்து எலும்புக்குள் தங்கும், ஆகவே கன்னத்தின் பக்கமும் அண்ணத்தின் பக்கமும் மாறி மாறி அசைத்துத்தான் எடுக்க வேண்டும். இதே முன்கடைவாய்ப்பல்லின் முன்பக்கப் (கோரைப்பல்லை நோக்கிய) பரப்பில் வேரின் மேல்பகுதி வரை இறங்கும் ஒரு பள்ளம் உண்டு. ஈறுநோய் வந்து வேர் வெளிப்பட்டால், பல்லிடை நூல் அந்தப் பள்ளத்தின் குறுக்கே பாலமாக நின்றுவிடும், உள்ளே இருக்கும் அழுக்கைத் தொடாது. பல்லிடைத் தூரிகையைப் பரிந்துரைக்க வேண்டும் என்பது உடற்கூற்றறிவிலிருந்து நேரடியாகக் கிளம்பும் அறிவுரை. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்தில் வேர்கள் பிரியும் வாய் அண்ணத்தின் பக்கம் ஒதுங்கியிருப்பதால், அதைக் கன்னத்தின் பக்கமிருந்து கருவியால் தேடும் மாணவர், நோய் இருந்தும் இல்லையென்று எழுதிவிடுவார். கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் நாக்கின் பக்கமாக மூன்றாவது வேர் ஒன்று சில மக்கட்குழுக்களில், குறிப்பாகக் கிழக்காசியாவில், கணிசமாகக் காணப்படுகிறது. பாடநூலின் இரட்டை வேர் படத்தை மட்டும் மனத்தில் வைத்திருப்பவருக்கு, பல்லைப் பிடுங்கும்போதும் குழாயைத் தேடும்போதும் அது இடறும்.

இனி எதிராகச் சொல்ல வேண்டியவை. ஒரே பல்லை மீண்டும் மீண்டும் செதுக்கி, பாடநூலின் சராசரி வடிவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுவதால், சராசரி வடிவம்தான் சரியான வடிவம் என்ற எண்ணம் மாணவரின் மனத்தில் உறைந்துவிடுகிறது. நோயாளியின் வாயில் சராசரிப் பல் அரிது. கணினி வழியாகப் பல்மூடியை வடிவமைத்து இயந்திரமே கடைந்து தரும் காலத்தில், கத்தித்திறனுக்கு இவ்வளவு வகுப்பு நேரம் ஒதுக்குவது மிகை என்றும் நினைக்கிறேன். செதுக்கலைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. திரையில் தெரியும் வடிவமைப்பில் முகடு தவறாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் கண், கை வழியாகத்தான் பழகுகிறது என்று நம்புகிறேன். இது நம்பிக்கைதான், யாராவது ஆராய்ந்தால் மகிழ்வேன்.

உங்கள் திட்டத்தைப் பொறுத்தவரை, மெழுகுக் குழுவை நீக்கிவிட்டு, இயற்கைப் பல்லையும் முப்பரிமாண அச்சில் வார்த்த பல்லையும் ஒப்பிடுங்கள். அச்சுப்பல் மலிவாகப் பெருகி வருகிறது, கிருமித்தொற்று அச்சம் கிடையாது, எல்லா மாணவருக்கும் ஒரே பல் என்பதால் தேர்வும் நியாயமாக இருக்கும். ஆனால் அந்தச் சமத்தன்மையே அதன் குறையும்கூட. மேலே எழுதியவர் குறிப்பிட்ட விதிகளில் கூழறையின் தரை கருத்திருக்கும் என்பது முக்கியமானது. ஒரே நிறப் பிசினில் வார்த்த பல்லில் அந்த நிறமாற்றத்தைக் கற்க வழியே இல்லை. எனாமலிலிருந்து டென்டினுக்கு இறங்கும்போது பர்ரில் உணரப்படும் தடை மாற்றமும் அதில் சரியாக வருவதில்லை.

பதில் 3: காத்திருப்பு அறை

இயற்கைப் பற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிடுங்கப்பட்ட பல் இரத்தமும் திசுவும் ஒட்டிய பொருள். நோய்த்தொற்றுக்கு வாய்ப்புள்ள ஒன்றாகவே அதைக் கையாள வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் திசுவை நீக்கி, கசியாத மூடியுள்ள கொள்கலத்தில், கிருமிநாசினித் திரவத்தில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காய்ந்த பல் வெடிக்கும், வெட்டும்போது உதிரும். வகுப்பில் பயன்படுத்தும் முன் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 40 நிமிடங்கள் வைத்துக் கிருமி நீக்குவது ஏற்கப்பட்ட முறை. ஆனால் அமால்கம் (பாதரசக் கலவை) நிரப்பிய பல்லை எக்காரணம் கொண்டும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, ஏனென்றால் வெப்பத்தில் பாதரச ஆவி வெளிப்படும். அத்தகைய பற்களை 10 விழுக்காடு ஃபார்மலினில் இரண்டு வாரங்கள் ஊறவைக்க வேண்டும். ஆய்வுக்கென்றால் அமால்கம் பற்களை முற்றாக ஒதுக்கிவிடுவதே எளிது. இரண்டு வெவ்வேறு முறைகளில் பதப்படுத்திய டென்டின் பர்ருக்கு ஒரே மாதிரி இணங்கும் என்று கொள்ள முடியாது.

பல்லைத் தந்தவரின் ஒப்புதலையும் மறந்துவிடக் கூடாது. சிகிச்சைக்காகப் பிடுங்கிய பல் கல்விக்கோ ஆய்வுக்கோ பயன்படும் என்பதை முன்கூட்டியே சொல்லி, எழுத்து மூலம் சம்மதம் பெற்று, பெயரைப் பிரித்துவிட்டுச் சேகரிப்பதுதான் முறை. ஒரு பெட்டி நிறைய ஊர்பேர் தெரியாத பற்களை மூத்த மாணவர்களிடமிருந்து வாங்கிவரும் வழக்கம் பல இடங்களில் நடப்பில் இருக்கலாம். நெறிமுறைக் குழு அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. மாணவர்களும் இந்த ஆய்வில் மனிதப் பங்கேற்பாளர்களே. நீங்கள் அவர்களுடைய செய்முறை வகுப்பில் நிற்பவர் என்பதால், மறுத்தால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இயல்பாகவே எழும். ஒப்புதலை வேறொருவர் பெறட்டும். யார் மறுத்தார்கள் என்பது மதிப்பெண் பட்டியல் வெளியாகும்வரை உங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும். ஆய்வு முடிந்ததும் இரண்டு குழுவினருக்கும் மற்றக் குழுவின் பாடத்தையும் தந்துவிடுங்கள்.

நோயாளியின் பக்கம் எதை அளக்கலாம் என்பதிலும் ஒரு வார்த்தை. நோயாளி நிறைவு வினாத்தாளை மட்டும் நம்பி எதையும் நிறுவ முயல வேண்டாம். மாணவர் கனிவாகப் பேசினாரா, வலித்தபோது நிறுத்தினாரா, அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னாரா என்பவற்றை நோயாளி மிகச் சரியாக மதிப்பிடுவார். விடுபட்ட குழாயை அவரால் பார்க்க முடியாது. சிகிச்சை முடிந்த அன்று முழு நிறைவோடு வீட்டுக்குப் போய், ஓராண்டு கழித்து அதே பல்லில் சீழோடு திரும்புவார். ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்: ஒன்று நோயாளிக்குத் தெரிவது, மற்றது தெரியாதது. அச்சத்தை அளப்பதாக இருந்தால், ஐந்தே வினாக்கள் கொண்ட திருத்திய பல்மருத்துவப் பதற்ற அளவுகோல் இருக்கிறது; மதிப்பெண் 5 முதல் 25 வரை வரும், 19-உம் அதற்கு மேலும் கடும் பதற்றமாகக் கொள்ளப்படுகிறது. அதைச் சிகிச்சைக்கு முன்பே நிரப்பச் சொல்லுங்கள். கடும் பதற்றமுள்ள நோயாளியிடம் எவ்வளவு தேர்ந்த மாணவருக்கும் நேரம் கூடத்தான் செய்யும், அந்த வேறுபாட்டைக் கற்பித்த முறையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பலரும் பேசத் தயங்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. இத்தனை பல் அடைத்தால், இத்தனை வேர்க்குழாய் முடித்தால் தேர்வுக்குத் தகுதி என்று எண்ணிக்கை வைத்து நடத்தும் மருத்துவமனைகளில், மாணவரின் தேவையும் நோயாளியின் தேவையும் ஒரே திசையில் போவதில்லை. எண்ணிக்கை முடிந்த மாணவர் அதே நோயாளியின் அடுத்த பல்லைத் தொடாமல் வேறொருவரைத் தேடுவார். உங்கள் ஆய்வின் மருத்துவமனைப் பகுதி அத்தகைய சூழலில் நடந்தால், மாணவர்கள் எளிய பற்களைத் தமக்கென்று பொறுக்கிக்கொள்வார்கள். யாருக்கு எந்த நோயாளி என்பதை நீங்களோ மாணவரோ தீர்மானிக்காதபடி செய்துவிடுங்கள்.

பதில் 4: சார்பிலா மாறி

நான் பல்மருத்துவன் அல்லன். மருத்துவக் கல்வி ஆய்வுகளுக்குப் புள்ளியியல் ஆலோசனை தருபவன். மேலே உள்ளவற்றோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கற்பித்தலின் பயனை, பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் கிர்க்பாட்ரிக் நான்கு மட்டங்களாகப் பிரித்தார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. உங்கள் முதல் திட்டத்தின் வினாத்தாள் முதல் மட்டம், பலவுள் தெரிவுத் தேர்வு இரண்டாம் மட்டம். கல்வி ஆய்வுகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன, காரணம் அவை மலிவு. திறப்பை அளப்பது மூன்றாம் மட்டத்தை நெருங்குகிறது. நான்காம் மட்டத்தை ஒரு முதுநிலை ஆய்வேட்டில் முழுமையாகத் தொட முயல வேண்டாம். வேர்நுனி ஆறுவதைக் காண மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும், அதற்குள் மாணவர் கல்லூரியை விட்டே போயிருப்பார்.

ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்பது மறதி தொடங்கும் முன்பே அளப்பதாகும். மருத்துவமனைப் பிரிவுக்குச் செல்லும்வரை உள்ள இடைவெளிதான் உண்மையான சோதனை, ஆகவே பல மாதங்கள் கழித்து அளப்பதையே முதன்மை முடிவாக வையுங்கள். இடையில் ஒரு தேர்வு வைக்க ஆசை வரும். தேர்வு எழுதுவதே நினைவை உறுதிப்படுத்தும் என்பது 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் நடத்திய சோதனைகளிலிருந்து நன்கு அறியப்பட்ட ஒன்று. இடைத்தேர்வு வைத்தால் இரண்டு குழுவுக்கும் வையுங்கள், அல்லது யாருக்கும் வைக்காதீர்கள்.

எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. 30 மாணவர்கள் ஆளுக்கு ஐந்து பற்களைத் திறந்தால் உங்களிடம் 150 பற்கள் இருப்பதுபோல் தோன்றும். ஒரே மாணவரின் ஐந்து பற்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நன்றாகச் செய்பவர் ஐந்தையும் நன்றாகவே செய்வார். அந்த ஒப்புமையின் அளவு (ஒப்புமையே இல்லையென்றால் 0, முழு ஒப்புமை என்றால் 1) 0.4 என்று வைத்துக்கொண்டால், பெருக்குக் காரணி 1 + (5 − 1) × 0.4, அதாவது 2.6. 150-ஐ 2.6-ஆல் வகுத்தால் சுமார் 58 வரும். சார்பற்ற 58 பற்களுக்குரிய தகவல்தான் உங்களிடம் உள்ளது. பற்களை அதிகரிப்பதைவிட மாணவர்களை அதிகரிப்பது பயன் தரும். மூன்று குழுவை இரண்டாக்கச் சொன்னவரின் ஆலோசனையை இந்தக் காரணத்துக்காகவும் ஏற்கிறேன்.

மதிப்பிடுபவர்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். திறப்பை முடித்த பற்களைச் சங்கேத எண்ணிட்டுப் படமெடுத்து, எந்தக் குழு என்று அறியாத இருவரிடம் தனித்தனியே தாருங்கள். ஆய்வைத் தொடங்கும் முன் அவர்கள் சில பற்களை மதிப்பிட்டு, ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கப்பா மதிப்பால் (தற்செயல் ஒற்றுமையைக் கழித்து உடன்பாட்டை அளக்கும் எண்ணால்) பாருங்கள். குறைவாக வந்தால், அளவுகோலின் சொற்களைத் திருத்திவிட்டுத் தொடங்குங்கள். முடிவுகள் வந்த பிறகு திருத்த இயலாது.

வேர்நுனி (கேட்டவர்)

அனைவருக்கும் மிக்க நன்றி. மெழுகுக் குழுவை நீக்கிவிட்டேன். இயற்கைப் பல், அச்சுப்பல் என இரண்டு குழுக்கள். மேல் முதல் கடைவாய்ப்பல் மட்டும். ஆறு மாதங்கள் கழித்து ஃபான்டம் ஹெட்டில் இரு குழுவினருக்கும் இயற்கைப் பற்களிலேயே தேர்வு. அதன் பின் மருத்துவமனையில் ஆசிரியர் குறுக்கீட்டின் பதிவு என்று மாற்றியிருக்கிறேன். நோயாளியின் பக்கம் பதற்ற அளவுகோலையும் சிகிச்சை நேரத்தையும் துணை அளவுகளாக வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. தேர்வுக்குத் தரும் இயற்கைப் பல்லில் உண்மையில் எத்தனை குழாய்கள் இருக்கின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு குழுவுக்கு எளிய பற்களும் மற்றதற்குக் கடினமான பற்களும் போய்விட்டால் என்ன செய்வது?

பதில் 1-ஐ எழுதியவர்: மூன்றாம் குழாய்

எல்லாப் பற்களையும் முன்கூட்டியே சி.பி.சி.டி. எடுத்துவிடுங்கள், நுண் சி.டி. வசதி இருந்தால் இன்னும் நல்லது. பிடுங்கப்பட்ட பல் என்பதால் கதிர்வீச்சைப் பற்றிய கவலை கிடையாது. நோயாளிகளுக்கு மட்டும் ஆய்வுக்கென்று ஒரு படமும் எடுக்காதீர்கள். சிகிச்சைக்குத் தேவையென்று எடுத்த படத்தைத்தான் பயன்படுத்தலாம்.

படங்களைப் பார்த்து, இரண்டாம் குழாய் உள்ளவை, இல்லாதவை, அதன் வாய் டென்டின் மேட்டுக்குள் மறைந்திருப்பவை என்று பிரித்து, ஒவ்வொரு வகையிலிருந்தும் இரு குழுவுக்கும் சமமாகச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். இல்லாத பற்களைக் கட்டாயம் சேருங்கள். எல்லாப் பல்லிலும் நான்காவது குழாய் (அதாவது மீசியோபக்கல் வேரின் இரண்டாம் குழாய்) உண்டு என்று மாணவர்கள் மோப்பம் பிடித்துவிட்டால், தரையைக் கிளறிக்கொண்டே போவார்கள். மீசியோபக்கல் வாயிலிருந்து அண்ணத்து வாயை நோக்கிச் செல்லும் கோட்டையொட்டி ஒரு குறிப்பிட்ட ஆழம்வரை தேடி, கிடைக்காவிட்டால் நிறுத்தி, எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வதும் கற்பிக்க வேண்டிய திறன்தான். அந்த ஆழத்தை மதிப்பீட்டுத் தாளில் மில்லிமீட்டரில் முன்பே எழுதிவிட்டு, குழாய் இல்லாத பல்லில் உரிய இடத்தில் நிறுத்தியவருக்கு, குழாயைக் கண்டுபிடித்தவருக்குத் தரும் அதே மதிப்பெண்ணைத் தாருங்கள்.